உடையத் தெரிந்த ஆணி

தென்மேற்குப் பருவமழை வலுக்கும் நாட்களில், கண்டியை வளைத்தோடும் மகாவலி செம்மண் நிறம் கொள்கிறது. மேலே தேயிலைச் சரிவுகளில் கரைந்த மண்ணோடு மூங்கில் துண்டுகள், முறிந்த கிளைகள், வேரோடு பெயர்ந்த வாழைகள் எல்லாம் மிதந்து வருகின்றன. பேராதனையைக் கடந்து பொல்கொல்லைக்கு வரும் நீரில் ஒரு பகுதியை அங்குள்ள தடுப்பணை 1976 முதல் திசைதிருப்பி, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் வழியே மாத்தளைப் பக்கத்து உக்குவளை மின் நிலையத்துக்கு அனுப்புகிறது. எஞ்சிய நீர் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்கட்டின் உயரம் 122 மீற்றர். அதன் மின் நிலையத்தில் மூன்று சுழலிகள். ஒவ்வொன்றும் 70 மெகாவாட்.

மலைநாட்டு நீர்மின் நிலையங்கள் பலவற்றில் சுழல்பவை பிரான்சிஸ் வகைச் சுழலிகள். இவற்றில் நீர் நேரே சக்கரத்தில் பாய்வதில்லை. சக்கரத்தைச் சுற்றி வட்டமாக, இருபது அல்லது அதற்குச் சற்று முன்பின்னான உருக்கு இதழ்கள் நிற்கின்றன. அவை திரும்பும் கோணம்தான் எவ்வளவு நீர் உள்ளே போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. எல்லா இதழ்களும் நெம்புகோல்கள் வழியாக ஒரே வளையத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. வளையம் சற்றே திரும்பினால் அத்தனை இதழ்களும் ஒருசேரத் திறக்கும், ஒருசேர மூடும்.

நீர் நுழையும் வாயிலில் குப்பையைத் தடுக்கக் கம்பித் தடுப்புகள் உண்டு. அவற்றையும் தாண்டி ஒரு மரத்துண்டு வந்து இரண்டு இதழ்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? மின்கம்பி எங்கோ அறுந்து, சுழலியின் சுமை ஒரு நொடியில் இல்லாமற் போகிறது என்று வையுங்கள். தடுப்பதற்கு எதுவும் இல்லாததால் சக்கரம் கட்டுமீறி வேகமெடுக்கும். உடனே இதழ்களை மூடி நீரை அடைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஓர் இதழ் மூட மறுத்தால், வளையம் முழுவதுமே இறுகி நின்றுவிடும். ஒரு மரத்துண்டுக்காக ஒரு மின் நிலையம் சிதறும்.

அப்படி நடக்காமல் இருப்பதற்கு ஒரு சிறிய ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வோர் இதழையும் அதன் நெம்புகோலோடு இணைக்கும் இடத்தில், வேண்டுமென்றே பலவீனமாக்கப்பட்ட ஓர் ஆணி வைக்கப்படுகிறது. பொறியியலாளர் அதை ஷியர் பின் என்பார்கள். சிக்கிய இதழின் ஆணி மட்டும் முறிகிறது. அந்த இதழ் தனித்து விடப்பட, மற்ற எல்லாம் வழக்கம்போல் மூடிக்கொள்கின்றன. சில வடிவமைப்புகளில் ஆணியின் நடுவே துளையிட்டு ஒரு மின்கம்பியை ஓட்டியிருப்பார்கள். ஆணி முறிந்தால் கம்பியும் அறுந்து, கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை ஒலிக்கும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நாம் கேட்டு வளர்ந்த பழமொழி. ஆணி என்றால் உடையக்கூடாது. தேரின் மானமே அதில்தான் இருக்கிறது. இங்கே நாம் பார்க்கும் ஆணிக்கோ உடைவதுதான் உத்தியோகம். அதிலும் ஒரு நிபந்தனை: உடைய வேண்டிய வேளைக்கு ஒரு கணம் முந்தியும் உடையக்கூடாது, ஒரு கணம் பிந்தியும் உடையக்கூடாது. இந்த நிபந்தனை எவ்வளவு நுட்பமானது என்பதைப் புரிந்துகொள்ள மின் நிலையத்தைவிட மிகச் சிறிய, மிகவும் சுவையான ஓர் உதாரணம் உண்டு. அது பொழுதுபோக்காளர்களும் மாணவர்களும் கட்டும் பெருவலு மாதிரி ரொக்கெட்.

மேலே போவது எளிது

ரொக்கெட் பொழுதுபோக்கில் எஞ்சின்களை ஆங்கில எழுத்துகளால் தரம் பிரிப்பார்கள். எழுத்து ஒன்று கூடினால் எஞ்சினின் மொத்தக் கணத்தாக்கு இரு மடங்காகும். ஜீ வரையானவை சாதாரண மாதிரி ரொக்கெட்டுகளுக்கு உரியவை. 160 நியூட்டன் செக்கனைத் தாண்டினால், அதாவது எச் எழுத்திலிருந்து, அவை பெருவலு வகை. அமெரிக்காவில் இவற்றை ஏவ மூன்று படிகளில் சான்றிதழ் பெற வேண்டும். இவை கிலோமீற்றர் கணக்கில் உயரும். சில கிலோகிராம் எடையோடு திரும்பி வரும். திரும்பி வருவதில்தான் சிக்கல்.

கண்டியில் இப்படியொரு ரொக்கெட்டை ஏவுவதாகக் கற்பனை செய்வோம். கற்பனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அமெரிக்கப் பொழுதுபோக்குச் சங்கங்களின் பாதுகாப்பு விதிப்படி, ஏவுதளத்தின் அகலம் ரொக்கெட் எட்டும் உயரத்தில் பாதியாவது இருக்க வேண்டும். 1,500 மீற்றர் உயரத்துக்கு 750 மீற்றர் வெட்டவெளி வேண்டும். மலையும் வீடும் மாறிமாறி அடுக்கிய கண்டிச் சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு அகலமாகத் திறந்து கிடப்பது விக்டோரியாவின் நீர்ப்பரப்புத்தான். வெடிமருந்து வைத்திருக்க இலங்கையில் அனுமதிப்பத்திரமும் வேண்டும். தமிழ்நாட்டில் ஸ்பேஸ் ஸோன் இந்தியா நிறுவனம் 2024 ஆகஸ்ட் 24 அன்று ரூமி-1 ரொக்கெட்டை ஏவியபோது சென்னைக்குத் தெற்கே திருவிடந்தைக் கடற்கரைக்குப் போனதற்குக் காரணமும் முன்னால் விரிந்த கடல்தான். பாகங்களைப் பரசூட்டில் இறக்கி மீண்டும் பயன்படுத்துவது அந்த ரொக்கெட்டின் நோக்கங்களில் ஒன்று.

நமது கற்பனை ரொக்கெட்டின் விட்டம் 10 சென்ரிமீற்றர். அதன் கூம்பு மூக்கின் திணிவு 600 கிராம். எட்டும் உயரம் 1,500 மீற்றர். ஏவுமிடம் பேராதனை என்று வைப்போம். உச்சியில் ஒரு பெரிய பரசூட்டை விரித்தால் ரொக்கெட் விநாடிக்கு ஐந்தரை மீற்றர் வேகத்தில் மெல்ல இறங்கும். தரையைத் தொட நாலரை நிமிடம் ஆகும். விநாடிக்கு 8 மீற்றர் வேகத்தில் காற்று வீசினால் அதற்குள் அது இரண்டு கிலோமீற்றருக்கு மேல் அடித்துச் செல்லப்பட்டிருக்கும். பிறகு கெட்டம்பையின் கூரைகளிலோ, கன்னொருவைக் காட்டிலோ, ஹந்தானைச் சரிவிலோ தேட வேண்டியதுதான்.

இதற்கு ரொக்கெட்காரர்கள் கண்ட வழி இரண்டு பரசூட். உச்சியில் ஒரு சிறிய பரசூட் மட்டும் விரியும். ரொக்கெட் குப்புற விழாமல், ஆனால் விநாடிக்கு 25 மீற்றர் வேகத்தில் விரைவாகவே இறங்கும். தரைக்கு 200 மீற்றர் மேலே வரும்போது பெரிய பரசூட் விரியும். இப்போது மொத்தப் பயணம் ஒன்றரை நிமிடம். காற்று இழுத்துச் செல்லும் தூரம் சுமார் 700 மீற்றர். தரையைத் தொடும் வேகம் மாறவில்லை. தேடும் பரப்போ பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

பெரிய பரசூட் மூக்குக்குப் பின்னால் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மூக்கு கழன்றால்தான் அது வெளியே வரும். ஆகவே மூக்கு, உச்சியில் நடக்கும் அமர்க்களம் எல்லாவற்றையும் தாங்கி இறுகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். 200 மீற்றரில் கட்டளை வந்ததும் தயங்காமல் கழன்றுவிட வேண்டும். இந்த இரண்டு வேலையையும் செய்வது குழாயின் பக்கவாட்டில் பூட்டிய, சில மில்லிமீற்றர் நீளமான, நைலோன் திருகாணிகள்.

பாக்குவெட்டியின் கணக்கு

ஒரு திருகாணியை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்து அறுப்பது ஒரு வகை. இங்கே நடப்பது வேறு. வெளிக்குழாய் ஒரு பக்கம் போக, உள்ளே இருக்கும் மூக்கின் கழுத்து மறுபக்கம் போகிறது. இரண்டின் விளிம்பும் சேரும் தளத்தில் ஆணி குறுக்காக வெட்டுண்கிறது. பாக்குவெட்டியின் இரண்டு அலகுகளுக்கு நடுவே பாக்கு துண்டாவதும் இப்படித்தான். அலகுகள் ஒன்றையொன்று உரசிச் செல்லும்போதுதான் வெட்டு சுத்தமாக விழும். இடைவெளி இருந்தால் பாக்கு நசுங்கும். ரொக்கெட்டிலும் அதே கதை. குழாய் கடதாசி அட்டையால் ஆனதென்றால் துளையின் விளிம்பு நசுங்கி ஆணி வளைந்து கொடுக்கும், வெட்டுப்படாது. அதனால் துளையின் ஓரத்தில் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை ஒட்டுவார்கள். தகடு அலகாகிறது.

ஓர் ஆணியை வெட்டத் தேவையான விசையைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு பெருக்கல் போதும்: பொருளின் வெட்டு வலிமை, வெட்டுண்ணும் பரப்பு. உலர்ந்த நைலோன் 6,6 இன் வெட்டு வலிமை சதுர மில்லிமீற்றருக்குச் சுமார் 69 நியூட்டன். 2 மில்லிமீற்றர் திருகாணியின் பள்ளத்தில் எஞ்சியிருக்கும் விட்டம் ஒன்றரை மில்லிமீற்றர்; பரப்பு 1.8 சதுர மில்லிமீற்றர். பெருக்கினால் ஏறத்தாழ 120 நியூட்டன். அரிசி மூட்டையில் பாதிப் பாரம்கூட இல்லை; 12 கிலோகிராம் எடைதான்.

இப்போது இரண்டு எல்லைகளைக் குறிப்போம்.

முதலாவது கீழ் எல்லை. உச்சியில் சிறிய பரசூட்டை வெளியேற்ற ரொக்கெட் நடுவில் பிரிகிறது. இரண்டு துண்டுகளும் எதிரெதிரே விலகிப் பறந்து, அவற்றை இணைக்கும் நாடா திடீரென விறைக்கிறது. முன்துண்டு வெடுக்கென்று நிற்க, மூக்கு மட்டும் தன் போக்கில் தொடர்ந்து போகப் பார்க்கிறது. அந்த வெடுக்கை ஈர்ப்பு ஆர்முடுகலைப்போல் 50 மடங்கு என்று எடுத்தால், 600 கிராம் மூக்கு ஆணிகளை இழுக்கும் விசை 294 நியூட்டன். இதைத் தாங்காத ஆணி பெரிய பரசூட்டை உச்சியிலேயே அவிழ்த்துவிடும்.

இரண்டாவது மேல் எல்லை. 200 மீற்றர் உயரத்தில் ஒரு சிறிய கணினி, மூக்குக்குப் பின்னாலுள்ள அறையில் கருமருந்தைப் பற்றவைக்கிறது. 40 சென்ரிமீற்றர் நீளமான அறைக்கு ஒன்றரைக் கிராமுக்கும் குறைவான மருந்து, காற்றமுக்கத்துக்கு மேலே இன்னொரு 100 கிலோபஸ்கால் அமுக்கத்தை ஏற்படுத்தும். மூக்கின் குறுக்குப் பரப்பில் அது 785 நியூட்டன் தள்ளுவிசை. ஆணிகளின் கூட்டு வலிமை இதைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். குழாயின் உராய்வையும் வெல்ல வேண்டுமே.

ஆக, விடை 294 க்கும் 785 க்கும் இடையில் இருக்கிறது. இரண்டு ஆணி என்றால் 240. கீழ் எல்லையிலேயே தோல்வி. மூன்று என்றால் 360. மேலே இரு மடங்குக்கு அதிகமான இடைவெளி. ஆறு போட்டால் 720. உராய்வும் சேர்ந்தால் மூக்கு கழலாமலே போகலாம்; பாதுகாப்பு என்று நினைத்துச் செய்த அந்த ஏற்பாடு ரொக்கெட்டை விநாடிக்கு 25 மீற்றர் வேகத்தில் தரையில் மோதவைக்கும். மூன்று ஆணி, சம இடைவெளியில். கணக்கு முடிந்தது என்று தோன்றுகிறது. கண்டி விடவில்லை.

மலையும் ஈரமும்

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 1,500 மீற்றர் மேலே என்றால் நுவரெலியாவையும் தாண்டிய உயரம். ஏவும்போது ரொக்கெட்டின் அறைக்குள் அடைபட்ட காற்று கண்டியின் காற்று. உச்சியில் வெளியே இருப்பது நுவரெலியாவின் காற்று. இரண்டுக்கும் அமுக்க வேறுபாடு ஏறத்தாழ 16 கிலோபஸ்கால். அது மூக்கை உள்ளிருந்து தள்ளும் விசை 125 நியூட்டன். நாடாவின் வெடுக்கோடு இதைக் கூட்டினால் 419. மூன்று ஆணிகளின் 360 போதாது.

நல்ல வேளையாக இதற்கு மாற்று மிக மலிவானது: குழாயில் ஓரிரு மில்லிமீற்றர் துளை ஒன்று. ஏறும்போது உள்ளிருக்கும் காற்று மெல்ல வெளியேறிவிடும். மருந்து வெடிக்கும்போது அமுக்கம் கணப்பொழுதில் எழுவதால் அத்துளை வழியே இழப்பு சொற்பம். பெரிய பரசூட் ஏன் உச்சியிலேயே வந்துவிட்டது என்று தலையைச் சொறியும் புதியவர்களிடம் அனுபவசாலிகள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, துளை போட்டாயா என்பது.

ஈரம் இவ்வளவு இலேசாக விடுவதில்லை. 1935 இல் அமெரிக்காவின் டுபொன்ட் ஆய்வுகூடத்தில் வொலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய நைலோன் நீரை விரும்பும் பொருள். அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றையொன்று ஐதரசன் பிணைப்புகளால் பற்றிக்கொண்டிருக்கின்றன. காற்றிலிருந்து உள்ளே புகும் நீர் மூலக்கூறுகள் அந்தப் பிணைப்பிடங்களில் வந்து அமர்ந்துகொள்ள, சங்கிலிகளின் பிடி தளர்கிறது. முழுக்க நீரில் ஊறினால் நைலோன் 6,6 தன் எடையில் 8 வீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சும். சார் ஈரப்பதன் 50 வீதமாக உள்ள காற்றில் வைத்தாலே இரண்டரை வீதம் உறிஞ்சி, வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். வலிமை குறைவதோடு குணமும் மாறுகிறது: உலர்ந்த நைலோன் படக்கென்று முறியும், ஈர நைலோன் இழுபட்டு, நெளிந்து, தாமதித்துத்தான் விட்டுக்கொடுக்கும்.

அமெரிக்காவின் வறண்ட பாலைநிலங்களில் பரிசோதித்த எண்களை வாங்கிக்கொண்டு வந்து கண்டியில் ஆணி தெரிவு செய்தால் இதுதான் நடக்கும்: மூன்று ஆணிகளின் 360 நியூட்டன் 240 ஆகிவிடும். கீழ் எல்லை 294 என்பதை மறக்கவேண்டாம். நான்கு போட்டால் ஈரத்தில் 320, மயிரிழையில் தப்பலாம். ஆனால் கண்டியின் காற்றில் ஈரப்பதன் 50 வீதத்தில் நிற்பதில்லை, 75 வீதத்தைத் தாண்டுவது சாதாரணம். வலிமை இன்னும் குறையும். சரி, ஐந்து போடுவோம் என்றால், வெயிலில் உலர்ந்த ஒரு புதிய பெட்டியிலிருந்து எடுத்த ஐந்து ஆணிகள் 600 நியூட்டன் வரை பிடிக்கும். மேல் எல்லையோடு முட்டத் தொடங்குகிறோம்.

ஆணியைக் கூட்டிக்கொண்டே போவது இதற்கு விடையாகாது. அறிந்தவர்கள் எல்லைகளையே நகர்த்துவார்கள். இணைப்பு நாடாவை நீளமாக்கினால் துண்டுகள் வேகம் தணிந்த பிறகே அது விறைக்கும். வெடுக்கு 50 மடங்கிலிருந்து 30 ஆகலாம், கீழ் எல்லை 176 நியூட்டனுக்கு இறங்கும். மூக்கில் தேவையற்ற பாரத்தைக் குறைக்கலாம். ஆணிகளைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சி போட்டு வைத்து, ஏவும் நாளில்தான் திறக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தரைச் சோதனை: ரொக்கெட்டைப் படுக்கவைத்து, அதே பெட்டியின் ஆணிகளைப் பூட்டி, தூரத்தில் நின்று மின்சாரத்தால் மருந்தைப் பற்றவைத்துப் பார்ப்பது. மூக்கு சில மீற்றர் தள்ளிப்போய் விழுந்து, பரசூட்டும் முழுதாக வெளியே வந்தால், காகிதத்தில் போட்ட கணக்கை நம்பலாம்.

முந்தி உடைந்தால்

கீழ் எல்லையில் தவறுவது பொழுதுபோக்கில் ஒரு ரொக்கெட்டைத் தொலைப்பது. பெரிய இயந்திரங்களில் அதன் விலை வேறு. போயிங் 747 விமானத்தின் எஞ்சின்களை இறக்கையோடு இணைக்கும் தாங்கிகளில் இதே தத்துவத்தில் அமைந்த உருக்கு ஆணிகள் இருந்தன. விபத்தில் எஞ்சின் தரையில் மோத நேர்ந்தால், இறக்கையிலுள்ள எரிபொருள் தொட்டியைக் கிழிக்காமல் எஞ்சின் மட்டும் பிய்ந்து போகவேண்டும் என்பதற்காக அவை. நல்ல சிந்தனைதான். ஆனால் 1991 டிசம்பர் 29 அன்று தாய்வானில் சைனா ஏர்லைன்ஸ் சரக்கு விமானம் ஒன்றிலும், 1992 ஒக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் எல் அல் சரக்கு விமானம் ஒன்றிலும், வலப்பக்க எஞ்சின்கள் இரண்டும் நடுவானில் கழன்று விழுந்தன. ஆம்ஸ்டர்டாமில் அந்த விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பின்மீது மோதி 43 பேர் இறந்தனர். ஆணிகளில் நுண்ணிய விரிசல்கள் பறப்புக்குப் பறப்பு வளர்ந்திருந்தன. வடிவமைப்பாளர் எழுதிய எண் புதிய ஆணிக்கு உரியது. முறிந்தது பழைய ஆணி. இதற்குப் பிறகு உலகிலிருந்த 747 விமானங்களின் தாங்கிகள் திருத்தியமைக்கப்பட்டன.

உடைவதற்கென்று வைத்த பாகமும் நாள்தோறும் உழைக்கிறது, களைக்கிறது என்பதை அந்த விபத்துகள் பொறியியலாளர்களுக்கு உறைக்கச் செய்தன. அதன் வலிமை ஒருமுறை அளந்து வைத்துவிடும் எண் அல்ல; ஈரம், வெப்பம், காலம் எல்லாம் அதைத் தின்கின்றன.

பேராதனைக்குத் தெரிந்த பாடம்

இந்தப் பாடத்தைச் சொல்லக் கண்டிக்குத் தனி உரிமையுண்டு. 1950 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் 1964 இல் மகாவலிக் கரையில், ஹந்தானை மலையடிவாரத்திலுள்ள பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அங்கு பல ஆண்டுகள் கற்பித்தவர்களில் ஒருவர் பேராசிரியர் அழகையா துரைராஜா. பின்னாளில், 1988 இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர் என்றே தமிழர்களில் பலருக்கு அவரைத் தெரியும். மண்பொறியியல் படித்த எவருக்கும் அவர் பெயர் வேறு வழியில் அறிமுகம். கேம்பிரிட்ஜில் கென்னத் ரோஸ்கோ, அன்ட்ரூ ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து 1963 இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, களிமண் எப்போது விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பற்றியது. அமுக்கமும் வெட்டு விசையும் ஒருசேரத் தாக்கும்போது மண் எந்தக் கட்டத்தில் நெகிழத் தொடங்குகிறது, அப்போது அதன்மீது செய்யப்பட்ட வேலை எங்கே செலவாகிறது என்று அளந்து, அதிலிருந்து மண்ணின் நடத்தைக்கு ஒரு கணித உருவம் எழுந்தது. கேம்பிரிட்ஜ் நதியின் பெயரால் கேம் களி என்று அழைக்கப்படும் அந்த மாதிரி இன்றும் உலகெங்கும் பாடநூல்களில் இருக்கிறது.

மலைச்சரிவு ஒன்று நிலைத்து நிற்பதும் வழுக்குவதும் இதே வெட்டுக் கணக்குத்தான். சரிவின் பாரம் கீழே இழுக்கிறது. மண்துகள்களின் உராய்வும் ஒட்டும் தடுத்துப் பிடிக்கின்றன. அடைமழையில் துகள்களுக்கு இடையே நீர் நிறைந்து அமுக்கம் ஏறினால், பாரத்தில் ஒரு பகுதியை நீரே தாங்கத் தொடங்குகிறது, துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது, உராய்வு குறைகிறது. ஒரு கட்டத்தில் பிடிப்பு இழுப்பைவிடக் கீழே போய்விடுகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயங்களை மண் மூடியது இப்படியொரு காலைப்பொழுதில்தான். மண்சரிவு அபாய எச்சரிக்கைகளில் மழையின் மில்லிமீற்றர் அளவுக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கப்படுவதன் காரணம் இது. ரொக்கெட் ஆணியின் எல்லையை நாம் தெரிவு செய்கிறோம். மலையின் எல்லையைத் தெரிவு செய்ய முடியாது. அளந்து வைத்திருந்து, நெருங்கும்போது விலகலாம்.

பல்லியின் வடிவமைப்பு

தெரிவு செய்து உடைவதில் மனிதனுக்கு முன்னோடி ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல்லி. பிடிபட்டால் வாலைக் கழற்றி விட்டு ஓடும். வால் தரையில் துடித்துக்கொண்டிருக்க, பிடிக்க வந்தது குழம்பி நிற்கும். கண்டியின் பெயரையே அறிவியற் பெயரில் சுமக்கும் பல்லியினம் ஒன்று இந்த மலைக்காடுகளில் இருக்கிறது: சினேமாஸ்பிஸ் கண்டியானா. இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கையியலாளருமான எட்வர்ட் கெலார்ட் 1852 இல் அதை விவரித்தார்.

வால் எங்கே கழல வேண்டும் என்பது முன்பே குறிக்கப்பட்டிருக்கிறது. வாலின் நீளத்தில் குறிப்பிட்ட இடைவெளிகளில் முறிதளங்கள் உண்டு. கிளையில் தொங்கும்போதும் சண்டையிடும்போதும் கழலாத வால், வேண்டியபோது மட்டும் எப்படி உடனே கழல்கிறது? அபுதாபியிலுள்ள நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 இல் சயன்ஸ் இதழில் விளக்கினார்கள். முறிதளத்தின் பரப்பில் காளான் வடிவ நுண்தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் தலைகளில் இன்னும் நுண்ணிய துளைகள். நேராக இழுத்தால் இந்த அமைப்பு உறுதியாகப் பற்றிக்கொள்கிறது. ஓரத்திலிருந்து வளைத்துப் பிளந்தால் எளிதில் விடுகிறது. எந்தத் திசை விசைக்குத் தாங்குவது, எதற்கு விட்டுக்கொடுப்பது என்று பல்லியின் உடல் பிரித்துவைத்திருக்கிறது. நமது நைலோன் ஆணிக்கு அந்தப் பகுத்தறிவு இல்லை. அதற்கு எண் ஒன்றுதான் தெரியும். திசையையும் தெரிந்துகொள்ளும் ஆணி ஒன்றைச் செய்ய முடிந்தால், கீழ் எல்லையும் மேல் எல்லையும் ஒன்றையொன்று நெருக்கும் இந்தத் தொல்லையே இராது.

மாற்றிப் பூட்டும் ஆசை

உழவு இயந்திரத்தின் பின்னால் சுழல் கலப்பை பூட்டி உழும் வயல்களில் இந்த ஆணியை எவரும் பார்க்கலாம். கலப்பைக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டில் ஒரு போல்ட். கல்லோ வேரோ தட்டினால் அது அறும். மீன்பிடிப் படகுகளின் சிறிய வெளிப்பொருத்தி எஞ்சின்களில் விசிறிக்குப் பின்னால் அதே வேலைக்கு ஓர் ஊசி. வீட்டில் பியூஸ் கம்பி, வெட்டுக்குப் பதில் உருகுகிறது, நியதி ஒன்றே. இவை அறும்போது வேலை நிற்கிறது, எரிச்சல் வருகிறது. உடனே கை தேடுவது இதைவிடப் பலமான ஒன்றை. பியூஸில் தடித்த செப்புக்கம்பி சுற்றப்படுகிறது. 8.8 என்று தலையில் பொறித்த போல்ட் இருந்த துளையில் 12.9 ஏறுகிறது. அடுத்த நாள் எல்லாம் ஒழுங்காக ஓடுவதால், திருத்திவிட்டோம் என்ற திருப்தியும் கிடைக்கிறது.

ஓடுகிறதுதான், அடுத்த கல் வரும்வரை. அப்போது போல்ட் நிற்கும், பற்சக்கரம் போகும். பியூஸ் நிற்கும், சுவருக்குள் கம்பி எரியும். ரொக்கெட்டில் ஆறாவது ஆணியைப் பூட்டியவருக்கு ஆணிகள் ஆறும் முழுதாகக் கிடைக்கும், ரொக்கெட்தான் கிடைக்காது. இருபது ரூபாய்ப் பொருளில் வரவேண்டிய முறிவு இருபதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இடம் மாறியதுதான் அந்தத் திருத்தத்தின் மொத்தப் பலன். எந்த இயந்திரத்திலும் முதலில் உடையும் ஓர் இடம் இருந்தே தீரும். அதை நாம் தெரிவு செய்யாவிட்டால் இயந்திரம் தானே தெரிவு செய்துகொள்ளும். அதன் தெரிவு எப்போதும் விலை கூடியது.